ஓய்வு எனும் உரிமை: தமிழகத் தொழிலாளர் விடுப்புச் சட்டங்களின் வரலாறும் பணிச்சோர்வு பற்றிய பார்வையும் (1881–2020)

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளிக்கு ஓய்வு தேவை என்னும் எண்ணம் இந்தியாவில் 1881 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் முதன்முதலாகச் சட்ட வடிவம் பெற்றது. குழந்தைத் தொழிலாளருக்கு மாதம் நான்கு நாள் விடுமுறை என்று தொடங்கிய அவ்வெண்ணம், வார விடுமுறை, உணவு இடைவேளை, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, நோய்க்கால உதவி, மகப்பேறு விடுப்பு எனப் படிப்படியாக விரிந்தது. இந்த வளர்ச்சியைத் தூத்துக்குடி, பெரம்பூர் ஆகிய இடங்களின் தொழிலாளர் போராட்டங்களோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சோர்வைப் போக்குவதற்காகத் தோன்றிய விடுப்பு, காலப்போக்கில் வருகைக்கு ஈடாக ஈட்டப்படும் ஒன்றாக மாறியது என்பதும், அம்மாற்றத்தால் மிகுந்த சோர்வுக்கும் நோய்க்கும் ஆளான தொழிலாளியே விடுப்பை இழக்க நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: விடுப்பு, வார விடுமுறை, பணிச்சோர்வு, தொழிற்சாலைகள் சட்டம், கோரல் ஆலை, சென்னைத் தொழிலாளர் சங்கம், ஈட்டிய விடுப்பு.

1. முன்னுரை

பணியிட மன அழுத்தம் குறித்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு, நீடித்த பணியழுத்தத்தால் விளையும் முழுச் சோர்வைத் தொழில்சார் நிகழ்வாக வரையறுத்தது. அதனைத் தனி நோயாக அது வகைப்படுத்தவில்லை. அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று மதிப்பிட்டது.

இச்சொல்லாடலில் விடுப்பு பெரும்பாலும் தனிமனிதர் தம் மனநலத்தைப் பேணிக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகவே முன்வைக்கப்படுகிறது. விடுப்பு எவ்வாறு உரிமையாயிற்று, அவ்வுரிமை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாக்கள் அதில் இடம்பெறுவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழகத் தொழிற்சாலைத் தொழிலாளர் இதன் முதன்மைக் களம். கடை, வணிக நிறுவனப் பணியாளர் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். அரசு ஊழியர் விடுப்பு விதிகள் தனி வரலாறு உடையவை ஆதலின் அவை இங்கு ஆராயப்படவில்லை.

2. சொற்கள் காட்டும் பொருள்

தமிழில் இப்பொருள் குறித்து வழங்கும் சொற்கள் சில அடிப்படை வேறுபாடுகளைக் காட்டுகின்றன. உருது வழி வந்த 'ரஜா' என்னும் சொல் அனுமதி என்னும் பொருளையும் விடுமுறை என்னும் பொருளையும் ஒருங்கே உடையது. ஆங்கிலத்திலிருந்து வந்த 'லீவு' இன்று பேச்சு வழக்கில் இரண்டையும் குறிக்கிறது. எழுத்துத் தமிழிலோ, நிறுவனம் முழுவதும் மூடப்படும் நாளை 'விடுமுறை' என்றும், தனியொருவர் பணியிலிருந்து விலகியிருக்கும் நாளை 'விடுப்பு' என்றும் பிரித்து வழங்கும் மரபு உள்ளது. விடுமுறையை யாரும் கேட்டுப் பெற வேண்டுவதில்லை. விடுப்பு விண்ணப்பித்துப் பெறப்படுவது.

பள்ளி மாணவர் முதலில் எழுதப் பழகும் மடல்களுள் ஒன்று விடுப்பு விண்ணப்பமாகும். அது 'தாழ்மையுடன்' அல்லது 'பணிவுடன்' கேட்டுக்கொள்வதாக முடிவது வழக்கம். சட்டம் உரிமை என்று கூறும் ஒன்றை வழக்காறு வேண்டுகோளாகவே பயிற்றுவிக்கிறது. 'லீவு கொடுத்தார்', 'லீவு கொடுக்கவில்லை' என்னும் பேச்சுத் தொடர்களிலும் கொடுப்பவரே எழுவாயாக நிற்கிறார். 'ஈட்டிய விடுப்பு' என்னும் கலைச்சொல்லோ, உழைத்துச் சம்பாதிக்கப்படுவதே விடுப்பு என்னும் கருத்தை வெளிப்படையாக உணர்த்துகிறது. அருள், உரிமை, ஈட்டம் என்னும் இம்மூன்று கருத்துகளுக்கும் இடையிலான இழுபறியே விடுப்பின் வரலாறு எனலாம்.

3. வார விடுமுறை: சட்டமும் நடைமுறையும்

1881 ஆம் ஆண்டுச் சட்டம் எந்திர விசை கொண்டு இயங்குவனவும் நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்வனவுமான ஆலைகளுக்குப் பொருந்தியது. ஏழு வயதுக்குக் குறைந்தவரைப் பணியமர்த்துவதை அது தடை செய்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்னும் வரம்பையும், ஒரு மணி நேர இடைவேளையையும், மாதம் நான்கு நாள் விடுமுறையையும் விதித்தது. வளர்ந்தவர்களின் ஓய்வு குறித்து அச்சட்டம் எதுவும் கூறவில்லை. இளம் உடல் மட்டுமே அரசின் காப்புக்கு உரியது என்பதே அதன் பார்வை.

வளர்ந்தோருக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்னும் கோரிக்கையைப் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையிலான ஆலைத் தொழிலாளர் சங்கம் 1884 முதல் வலியுறுத்தியது. 1890 இல் பம்பாய் ஆலை உரிமையாளர் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டே 1891 ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் ஆலைகள் வரை விரிவுபடுத்தப்பட்டு, அனைத்துத் தொழிலாளருக்கும் வார விடுமுறையையும் நண்பகலில் அரைமணி நேர வேலை நிறுத்தத்தையும் விதித்தது. பெண்களின் வேலை நேரம் 11 மணி என வரையறுக்கப்பட்டது. ஆண்களின் வேலை நேரத்துக்கு அப்போதும் வரம்பு இல்லை.

இச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தூத்துக்குடியில் நிகழ்ந்த போராட்டம் இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். ஊதிய உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியவை அவர்தம் கோரிக்கைகள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. ஊதியம் உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. அதன்பின் சில நாள்களிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைது செய்யப்பட்டார்.

இப்போராட்டம் விடுதலை இயக்க வரலாற்றின் பகுதியாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. விடுப்பு வரலாற்றின் நோக்கில் அது வேறொரு வினாவை எழுப்புகிறது. 1891 இலேயே சட்டம் வழங்கிவிட்ட வார விடுமுறையை 1908 இல் தொழிலாளர் போராடிக் கேட்க வேண்டியிருந்தது ஏன்? சட்டத்தில் பல விலக்குகள் இருந்தன என்பது ஒரு காரணம். ஆய்வு முறை மெலிந்திருந்தது என்பது மற்றொன்று. இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் அதே 1908 இல் அளித்த அறிக்கையில், வேலை நேர விதிகள் பல இடங்களில் மீறப்படுவதைப் பதிவு செய்தது. எனினும் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நேரடியாக வரையறுக்க அவ்வாணையத்தின் பெரும்பான்மையினர் உடன்படவில்லை. அதில் உறுப்பினராக இருந்த சென்னை மருத்துவர் டி.எம். நாயர் மாறுபட்ட கருத்துரை எழுதி, பன்னிரண்டு மணி நேர வரம்பு வேண்டும் என்றார். பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான அவர்தம் கருத்தே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெசவு, நூற்பு ஆலைகளைப் பொறுத்தவரை இடம்பெற்றது.

ஆகவே, சட்டம் இயற்றப்பட்ட நாளும் உரிமை தொழிலாளியின் கைக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதைத் தூத்துக்குடி நிகழ்வு உணர்த்துகிறது. இரண்டுக்கும் இடையிலான காலத்தை நிரப்பியது தொழிலாளரின் கூட்டு முயற்சியே.

4. அரைமணி நேரம்: பெரம்பூரும் சென்னைத் தொழிலாளர் சங்கமும்

1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி.பி. வாடியா அதன் தலைவர். கோ. செல்வபதி செட்டியார், கோ. இராமானுசலு நாயுடு ஆகியோர் அதன் தோற்றத்துக்கு அடித்தளம் இட்டனர், திரு.வி. கலியாணசுந்தரனார் துணைநின்றார். பெரம்பூர்ப் பகுதியில் இயங்கிய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் முதன்மை உறுப்பினர்.

அச்சங்கத்தின் தொடக்ககாலக் குறைகளுள் ஒன்று நண்பகல் இடைவேளை பற்றியது. 1891 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த அளவாக விதித்த அரைமணி நேரமே ஆலையில் நடைமுறையில் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் எந்திரத்தை விட்டு வெளியேறிக் கை கழுவி உண்டு மீள அக்கால அளவு போதாது என்பது தொழிலாளர் தரப்பு. ஊதியத்தைப் போலவே இடைவேளையும் சங்கத்தின் முதற்கட்டக் கோரிக்கைகளில் இடம்பெற்றமை, அன்றாட உடற்சோர்வு தொழிலாளரை எவ்வளவு வருத்தியது என்பதற்குச் சான்றாகும். சட்டத்தில் குறைந்தபட்சம் என எழுதப்படுவது நடைமுறையில் உயர்ந்தபட்சமாக நின்றுவிடும் என்பதையும் இதனால் அறியலாம்.

1920–21 ஆம் ஆண்டுகளில் இவ்வாலைகளில் கதவடைப்பும் வேலைநிறுத்தங்களும் தொடர்ந்தன. சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1921 ஆகஸ்டில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் உணர்வு வலுப்பட இவை காரணமாயின. 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கிடையே 1922 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்னும் வரம்பைக் கொணர்ந்து, ஆறு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை என்பதைப் பொதுவிதியாக்கியது. தொழிலாளர் விரும்பினால் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் என அமைத்துக்கொள்ளவும் அது இடமளித்தது.

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் நடத்திய மே நாள் கூட்டங்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுவன. இந்தியாவின் முதல் மே நாள் நிகழ்வாகப் போற்றப்படும் அதில், அந்நாளை விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் எழுந்தது. ஓய்வு என்பது உடலைத் தேற்றிக்கொள்வதற்கு மட்டுமன்றிக் கூடிப் பேசுவதற்கும் உரிய நேரம் என்னும் கருத்து இங்குப் புலப்படுகிறது.

5. ஊருக்குச் சென்று திரும்புதல்: விட்லி ஆணையம்

1929 இல் அமைக்கப்பட்டு 1931 இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், தலைவர் பெயரால் விட்லி ஆணையம் எனப்படும். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். ஆலைத் தொழிலாளர் அடிக்கடி வேலைக்கு வராமையை முதலாளிகள் ஒழுங்கின்மை எனக் குறை கூறி வந்த காலம் அது. ஆணையம் அதற்கு வேறு விளக்கம் கண்டது. தொழிலாளர் கிராமத்தோடு கொண்ட உறவு அறாதது. அறுவடை, திருமணம், நோய் முதலியவற்றுக்காக அவர் ஊர் செல்வது இயல்பு. முறையான விடுப்பு இல்லாமையால் அவர் வேலையை விட்டே செல்ல நேர்கிறது. திரும்பி வந்து மீண்டும் வேலை பெற மேஸ்திரிக்குக் கையூட்டுத் தர வேண்டியுள்ளது.

குறிப்பிட்ட கால அளவுக்கு முன்கூட்டியே விடுப்பு அளித்து, உரிய நாளில் திரும்பினால் பழைய வேலையே கிடைக்கும் என்னும் உறுதியைத் தொழிலாளிக்கு வழங்க வேண்டும் என ஆணையம் பரிந்துரைத்தது. இயன்ற இடங்களில் நீண்டநாள் பணி செய்தவருக்கு விடுப்பின்போது உதவித்தொகை அளிக்கலாம் என்றும் அது கருதியது. இதனால் விடுப்பின் பொருள் விரிவடைகிறது. வேலை செய்யாதிருக்கும் நாள் என்பது அதன் ஒரு பாதியே. வேலை பறிபோகாது என்னும் உறுதி மறுபாதி. அவ்வுறுதி இல்லாத ஓய்வு தொழிலாளியின் கவலையைப் பெருக்குமேயன்றிக் குறைக்காது.

1934 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என வேலை நேரத்தைக் குறைத்தது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு அதில் இடம்பெறவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936 இல், ஓராண்டுப் பணிக்குப் பின் குறைந்தது ஆறு வேலைநாள் ஊதிய விடுப்பு என்னும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

6. ஊதியத்துடன் விடுப்பு: 1945 முதல் 1954 வரை

அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் பி.ஆர். அம்பேத்கர். அவர் காலத்தில் 1945 இல் நிறைவேறிய திருத்தச் சட்டமே ஆலைத் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை முதன்முதலில் சட்ட உரிமையாக்கியது. பன்னிரண்டு மாதத் தொடர்பணி முடித்த வளர்ந்தோருக்குப் பத்து நாளும் குழந்தைகளுக்குப் பதினான்கு நாளும் விடுப்பாகும். நோய், விபத்து, அனுமதி பெற்ற விடுப்பு ஆகியவற்றால் நேரும் இடைவெளி, குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்பின், தொடர்பணியை முறித்ததாகக் கொள்ளப்படவில்லை. 1946 திருத்தம் வார வேலை நேரத்தை 48 ஆகக் குறைத்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் வேலை செய்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒருநாள் என்னும் கணக்கை அறிமுகப்படுத்தியது. எனினும் வளர்ந்தோருக்குப் பத்து நாள் என்னும் குறைந்தபட்ச உறுதியை வைத்திருந்தது. 1954 திருத்தம் இந்த அமைப்பை மாற்றியது. நாள்காட்டி ஆண்டொன்றில் 240 நாள் வேலை செய்தவரே அடுத்த ஆண்டில் விடுப்புக்குத் தகுதியுடையவர். இருபது நாளுக்கு ஒருநாள் என்னும் கணக்கு தொடர்ந்தது. பத்து நாள் உறுதி மறைந்தது.

இம்மாற்றத்தின் பொருள் நுட்பமானது. 240 நாள் உழைத்தவருக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு உண்டு. ஆண்டு முழுவதும் பணியில் தொடர்ந்து 239 நாள் மட்டும் உழைத்தவருக்கு ஒருநாளும் இல்லை. பணியிலிருந்து நீங்குவோர் தகுதிநாள் நிறைவு செய்யாவிடினும் விகித அளவில் விடுப்பூதியம் பெறலாம் என்று 1976 திருத்தம் இதனை ஓரளவு தளர்த்தியது. ஆனால் அது பணியில் நீடிப்பவருக்குப் பயன்படுவதன்று.

240 நாளைக் கணக்கிடும்போது ஆட்குறைப்பின்றி வேலை நிறுத்தி வைக்கப்பட்ட நாள்கள், பன்னிரண்டு வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு, முந்தைய ஆண்டில் ஈட்டிய விடுப்பு ஆகியவை வேலைநாள்களாகச் சேர்க்கப்பட்டன. நோயால் வராத நாள்கள் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1945 சட்டம் காட்டிய பரிவு இங்குக் கைவிடப்பட்டது எனலாம்.

7. நோயும் தகுதிநாளும்: ஒரு கணக்கு

1948 ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது மக்கள் வழக்கில் 'இ.எஸ்.ஐ.', நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகை வழங்கியது. இன்று அது ஊதியத்தில் 70 விழுக்காடு. உதவி பெறும் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்வதையும் அச்சட்டம் தடுத்தது. கடுமையான மனநோய்கள் சிலவற்றுக்கு, நீண்டகால நோய்களின் பட்டியலில், கூடுதல் காலத்துக்கு உதவி உண்டு. தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் மருத்துவர் அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலிலோ ஈய நச்சு, நுரையீரல் மணல்நோய் முதலியவை இருந்தனவேயன்றிப் பணியழுத்தத்தால் வரும் மனநலக் கேடு எதுவும் இருக்கவில்லை.

இ.எஸ்.ஐ. உதவியையும் 240 நாள் விதியையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். ஆண்டின் 365 நாள்களில் 52 வார விடுமுறைகளையும், 1958 ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் கீழ் இன்று வழங்கப்படும் 9 தேசிய, பண்டிகை விடுமுறைகளையும் நீக்கினால் ஏறத்தாழ 304 வேலைநாள் எஞ்சும். ஒருவர் 91 நாள், அதாவது 13 வாரம், நோய்வாய்ப்பட்டிருந்தால் அவர் இழக்கும் வேலைநாள் ஏறத்தாழ 78. மற்றெல்லா நாளும் தவறாது வந்தாலும் அவர் கணக்கில் 226 நாளே நிற்கும். சட்டப் பிரிவின் சொற்களின்படி அவர் அடுத்த ஆண்டு விடுப்புக்குத் தகுதி பெறார். ஒரு சட்டம் நோயாளி என ஏற்று உதவித்தொகை அளித்த அதே நாள்களை மற்றொரு சட்டம் வராத நாள்களாகக் கழித்தது. நோயிலிருந்து மீண்டு வந்த தொழிலாளி, ஓய்வு மிகவும் தேவைப்படும் அடுத்த ஆண்டில் ஈட்டிய விடுப்பு இன்றி உழைக்க வேண்டியவரானார்.

நிலையான பணி இல்லாதோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆலைகளில் வராதவருக்கு மாற்றாக அழைக்கப்படும் பதிலித் தொழிலாளிக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. வேலை கிடைக்காத நாள் அவருக்கு ஓய்வு நாளும் ஆகாது; காலையில் ஆலை வாயிலில் காத்திருந்து திரும்பும் நாள் அது. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் பணிபுரிந்தவருக்கு நிலைப்பேறு வழங்கும் 1981 ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இத்தகையோரைக் கருதியே இயற்றப்பட்டது. ஆயினும் நாள்களை எண்ணித் தகுதி அளிக்கும் எந்த விதியும், அந்த எண்ணிக்கையை எட்டவிடாமல் பணியை இடையில் முறிக்கும் ஆசையை நிர்வாகத்துக்கு ஊட்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

8. தேவையை அடிப்படையாகக் கொண்ட விடுப்பு: ஓர் ஒப்பீடு

வேறொரு வழியும் இருந்தது என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று தருகிறது. 1947 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டுத் தொடர்பணிக்குப் பின் பன்னிரண்டு நாள் ஊதிய விடுமுறை அளித்தது. அதனோடு நில்லாமல், பணியின் முதலாண்டு தொடங்கியே நோய் அல்லது விபத்துக்காகப் பன்னிரண்டு நாளும், தக்க காரணம் எதுவாயினும் அதற்காகத் தற்செயல் விடுப்புப் பன்னிரண்டு நாளும் ஊதியத்துடன் வழங்கியது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை என்பதும் அதன் விதி. தொழிற்சாலைகள் சட்டத்தில் தற்செயல் விடுப்போ தனியான நோய் விடுப்போ இருக்கவில்லை. ஒப்பந்தத்தாலோ நிறுவன நிலையாணைகளாலோ கிடைத்தால்தான் உண்டு.

1947 சட்டத்தில் விடுப்பின் இரு அடிப்படைகள் அருகருகே நிற்கின்றன. முதற் பன்னிரண்டு நாள் கடந்தகால உழைப்புக்கு ஈடு. ஏனைய இருபத்துநான்கும் நிகழ்காலத் தேவைக்கு விடை. பிள்ளைக்குக் காய்ச்சல், உறவில் இறப்பு, மனம் தளர்ந்த ஒரு காலைப்பொழுது ஆகியவற்றைப் பதினைந்து நாள் முன்னதாக அறிந்து விண்ணப்பிக்க இயலாது. ஆனால் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி ஆண்டு விடுப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நோய்க்காலத்துக்கு மட்டுமே இதிலிருந்து விலக்கு இருந்தது. 1947 சட்டமும் நடைமுறையில் குறைவுடையதே. கடைப் பணியாளர் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்த நிலை மாற, இருக்கை வசதியை விதிக்கும் தனித் திருத்தம் 2021 இல் தேவைப்பட்டது என்பது இதற்குச் சான்று.

தகுதிநாள் எண்ணிக்கை மாற்றத்தக்கது என்பதை மகப்பேறு நலச் சட்டம் காட்டுகிறது. 1961 இல் இயற்றப்பட்டபோது 160 நாள் பணி செய்திருக்க வேண்டும் என்றிருந்தது. 1988 இல் அது 80 நாளாகக் குறைக்கப்பட்டது. பன்னிரண்டு வார விடுப்பு 2017 இல் 26 வாரமாயிற்று.

இதே போக்கில் 2020 ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் ஆண்டு விடுப்புக்கான தகுதியை 240 நாளிலிருந்து 180 நாளாகக் குறைத்துள்ளது. மேலே கணக்கிட்ட 226 நாள் தொழிலாளி இதன்கீழ் விடுப்புப் பெறுவார். இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். எனினும் நோய்நாள்களை வேலைநாள்களாகச் சேர்க்கும் ஏற்பாடு இதிலும் இல்லை. ஆண்டிறுதியில் விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் இச்சட்டம் தருகிறது. குறைந்த ஊதியம் பெறுவோருக்கு அத்தொகை உதவியே. ஆனால் வறுமை மிகுந்தவர் தம் ஓய்வையே விற்கும் நிலை இதனால் உருவாகக்கூடும். சோர்வைப் போக்கும் கருவியாகத் தோன்றிய விடுப்பு, அவ்விடத்து ஊதியத்தின் ஒரு கூறாகச் சுருங்கிவிடுகிறது.

வேலை நேரம் குறித்த வரம்பும் முடிந்துபோன வழக்கன்று. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்த முன்வரைவு 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை அடுத்து, அது திரும்பப் பெறப்படுவதாக மே முதல் நாள் அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலர் மே நாள் கொண்டாடி அன்றோடு நூறாண்டு நிறைவுற்றிருந்தது.

9. முடிவுரை

இவ்வாய்வில் கண்ட முடிவுகள் வருமாறு:

முதலாவதாக, தமிழகத்தில் ஓய்வுரிமை சட்டத்தால் மட்டும் கைகூடவில்லை. 1891 இன் வார விடுமுறைக்கும் 1908 இன் தூத்துக்குடிப் போராட்டத்துக்கும் இடைப்பட்ட காலம் இதனை மெய்ப்பிக்கிறது.

இரண்டாவதாக, ஓய்வின் அடிப்படை காலந்தோறும் மாறிவந்துள்ளது. 1881 இல் இளம் உடலின் காப்பு, 1891 முதல் அனைவருக்குமான இடைவேளை, 1931 இல் வேலை உறுதியோடு கூடிய விடுப்பு, 1945 இல் ஆண்டுப் பணிக்கு உறுதியான பத்து நாள், 1954 முதல் வருகைக்கு விகிதமான ஈட்டம் என அம்மாற்றத்தை வரிசைப்படுத்தலாம்.

மூன்றாவதாக, வருகையை அளவுகோலாகக் கொள்ளும் முறை, நோயாலும் சோர்வாலும் வரவியலாதவரை விடுப்பிலிருந்து விலக்குகிறது. பணியழுத்தத்தை எதிர்கொள்ளத் தனிமனிதருக்குக் கூறப்படும் அறிவுரைகள், இத்தகைய தொழிலாளியிடம் எடுப்பதற்கு விடுப்பே இல்லை என்பதைக் கருத்தில் கொள்வதில்லை.

நான்காவதாக, இதற்கான திருத்தம் அரியதன்று. மருத்துவச் சான்றோடு இ.எஸ்.ஐ. உதவி பெற்ற நாள்களைத் தகுதிநாளில் சேர்ப்பதற்கு 1945 சட்டத்திலேயே முன்னோடி உண்டு. தேவையை அடிப்படையாகக் கொண்ட தற்செயல் விடுப்பை ஆலைத் தொழிலாளருக்கும் விரிவுபடுத்துவதற்கு 1947 ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் வழிகாட்டியாக உள்ளது.

விடுப்பை ஈட்டுவதற்கு முன்பே உடல் தளர்ந்துவிடும் தொழிலாளியைச் சட்டம் எவ்வாறு காண்கிறது என்பதே இனி ஆராயத்தக்க வினா. பதிலி, ஒப்பந்தத் தொழிலாளரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுப்பது அவ்வாய்வின் முதற்படியாக அமையும்.